பாட்டுக்குள்ளே ஒரு தெப்பம்!



உங்களிடம் ஒரு கேள்வி. தேர்வில் ‘அடிபிறழாமல் எழுதுக’ என்று ஒரு வினா வருமே, அதில் எத்தனை பேர் முழு மதிப்பெண் வாங்குகிறீர்கள்? நிறையக் கைகள் உயரும் என்று எனக்குத் தெரியும். சரி... அப்படி எழுதிய பாட்டை வீட்டில் பாட்டியிடம், “இந்தப் பாட்டு என்ன சொல்லுதுன்னா...” என்று ஆரம்பித்துச் சொல்லிக் காட்ட எத்தனை பேரால் முடியும்? இப்போது கைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றன, இல்லையா?

வெட்கப்பட வேண்டாம். முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கே ஒரு பாட்டு பல வருடங்கள் புரியாமல்தான் இருந்தது. அதைப் புரிய வைத்தவன் யார் தெரியுமா? எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன்! அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில், ஒரு பாட்டை எப்படிப் படிப்பது என்று பார்ப்போமா?

சொல்லாமல் விட்டது என்ன?

வகுப்பில் நான் கரும்பலகையில் அடிக்கடி எழுதிப் போடும் ஒரு சின்னப் பாட்டு இது. பெரிய புலவர் யாரும் எழுதியதல்ல, நான் எழுதியதுதான். சிரிக்காமல் படியுங்கள்.

மாலை மழை நின்றது;
வாசல் ஓரம் நனைந்த குடை
விரிந்து கிடக்குது.
அப்பா வந்தாச்சு!

படித்துவிட்டீர்களா? “இதில் என்ன இருக்கிறது? மழை, குடை, அப்பா. அவ்வளவுதானே!” என்று தோன்றுகிறதா? கொஞ்சம் துப்பறிவாளர் மாதிரி பார்ப்போம், வாருங்கள்.

பேசுவது யார்? ‘அப்பா’ என்று சொல்வதால் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை முதலில் பார்த்தது அப்பாவையா? இல்லை, குடையை! குடையைப் பார்த்தவுடனே அப்பா வந்துவிட்டார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அப்படியென்றால், அதுவரை அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

குடை எப்படி இருக்கிறது? நனைந்திருக்கிறது. அப்பா மழை நின்ற பிறகு கிளம்பியிருந்தால் குடை நனைந்திருக்குமா? நனைந்திருக்காது. கொட்டுகிற மழையில், டீக்கடையிலோ பஸ் ஸ்டாப்பிலோ ஒதுங்காமல் நடந்து வந்திருக்கிறார். ஏன்? அவருக்கும் வீட்டுக்கு வர அவ்வளவு அவசரம்!

பார்த்தீர்களா? ‘அன்பு’ என்ற சொல் இந்தப் பாட்டில் எங்குமே இல்லை. ‘காத்திருந்தேன்’ என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் இரண்டும் உள்ளே இருக்கின்றன. ஈரக் குடைதான் அவற்றை நமக்குக் காட்டிக் கொடுத்தது.

கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுவோம். பாட்டு அப்படியல்ல. பாதியை அது சொல்லும். மீதியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும்போது ஒரு சந்தோஷம் வருமே, அதுதான் பாட்டுப் படிப்பதில் உள்ள ருசி.

பெரிய பாட்டுக்குப் போவோம்

இப்போது ஒரு பெரிய புலவரின் பாட்டு. புறநானூறு என்ற நூலை உங்களுக்குத் தெரியும். எட்டுத்தொகை நூல்களில் ஒன்று. அதில் 400 பாடல்கள். அவற்றில் 192ஆம் பாடலைப் பாடியவர் கணியன் பூங்குன்றனார். கணியன் என்றால் நாளும் கோளும் பார்த்துக் காலத்தைக் கணித்துச் சொல்பவர். பூங்குன்றம் அவருடைய ஊர். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள மகிபாலன்பட்டிதான் அந்தப் பழைய பூங்குன்றம் என்று சொல்கிறார்கள்.

இந்தப் பாட்டின் முதல் வரியை நான் இங்கே எழுதவே வேண்டியதில்லை. எல்லா ஊரும் நம் ஊரே, எல்லா மக்களும் நம் உறவினரே என்ற பொருளில் வருமே, அதே வரிதான்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். 2019ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நம் நாட்டுப் பிரதமர்கூட அதை எடுத்துச் சொன்னார்.

ஆனால் குழந்தைகளே, அந்தப் பாட்டில் மொத்தம் 13 வரிகள். நமக்குத் தெரிந்தது ஒன்று. மீதி 12 வரிகள் எங்கே போயின? வீட்டு வாசலில் நின்று கோலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன விருந்தாளி மாதிரி ஆகிவிட்டதே நம் கதை! வாருங்கள், உள்ளே போவோம். பாட்டை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளை இப்போது பார்க்க வேண்டாம்.

முதல் படி: வாய்விட்டுப் படி

பாட்டு முதலில் காதுக்கு, பிறகுதான் கண்ணுக்கு. மனதுக்குள் படித்தால் பாதிப் பாட்டு காணாமல் போய்விடும். மூன்று முறை சத்தமாகப் படியுங்கள். புரியாத சொல் வந்தால் நிற்க வேண்டாம், தாண்டிப் போங்கள்.

இந்தப் பாட்டை அப்படிப் படித்தால் ஒன்று தெரியும். முதல் ஐந்து வரிகள் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நிதானமாகப் போகும். ஆறாவது வரியின் கடைசியில் திடீரென்று மின்னல்! அதன்பின் மழை, பாறை, ஆறு என்று நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடும். மூச்சு விடக்கூட இடம் கிடைக்காது. கடைசி இரண்டு வரிகளில் மறுபடியும் அமைதி. பொருள் தெரியாமலே, இங்கே என்னவோ நடக்கிறது என்று காது சொல்லிவிடும்.

இரண்டாம் படி: சொல்லைப் பிரி

பழைய பாட்டு பயமுறுத்துவதற்கு முக்கியக் காரணம், சொற்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு நிற்பதுதான். பிரித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஆனால் கவனமாகப் பிரிக்க வேண்டும். ‘பலகை’ என்பது கரும்பலகையா, ‘பல கை’யா? ‘அந்தமான்’ என்பது தீவா, ‘அந்த மான்’ என்று காட்டில் ஓடும் மானா? முன்னும் பின்னும் பார்த்தால்தானே தெரியும்!

இதை நமக்காகச் செய்து வைத்த பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட மாட்டார்கள். பாட்டுகூட வரி வரியாக இருக்காது, தொடர்ந்து ஒரே ஓட்டமாக எழுதியிருக்கும். அப்படிப்பட்ட சுவடிகளைத் தேடி எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்து, 1894ஆம் ஆண்டு புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். அவர் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்குகூட நமக்கு இல்லை. புத்தகமும் இருக்கிறது, அகராதியும் இருக்கிறது. பிறகென்ன?

மூன்றாம் படி: பேசுவது யார்?

புறநானூற்றில் மிகப் பல பாடல்கள் அரசர்களைப் பாடுபவை. வீரத்தையும் கொடையையும் புகழ்ந்து பாடுவார்கள். அரசர் பரிசு கொடுப்பார். அந்தக் காலப் புலவர்களில் பலருக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் இந்தப் பாட்டில் எந்த அரசரின் பெயரும் இல்லை. யாரிடமும் எதுவும் கேட்கவும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ‘நீ இப்படிச் செய், அப்படிச் செய்யாதே’ என்று அவர் யாருக்கும் கட்டளை போடவில்லை. ‘நாங்கள் இப்படிச் செய்வதில்லை’ என்றுதான் சொல்கிறார். அறிவுரை சொல்பவருக்கும், தான் வாழும் விதத்தைச் சொல்பவருக்கும் வித்தியாசம் உண்டுதானே? “பொய் சொல்லாதே” என்று சொல்லும் மாமாவைவிட, பொய்யே சொல்லாத மாமாவைத்தானே நமக்கு அதிகம் பிடிக்கும்!

நான்காம் படி: படம் போடு

பாட்டில் ஒரு காட்சி வந்தால் உடனே பென்சிலை எடுங்கள். அழகாக இருக்க வேண்டும் என்று இல்லை. இந்தப் பாட்டில் என்னென்ன வரைய வேண்டும்? மின்னல் வெட்டுகிறது. வானம் குளிர்ந்த துளிகளாய்ப் பொழிகிறது. வெள்ளம் பாறைகளில் முட்டி மோதி இரைச்சல் போடுகிற பெரிய ஆறு. அந்த ஆற்றில் ஒரு ‘புணை’. புணை என்றால் தெப்பம். கட்டைகளையோ மூங்கிலையோ சேர்த்துக் கட்டியது. நீர் போகும் வழியில் அது போய்க்கொண்டிருக்கிறது. அதைப் போலத்தான் நம் அருமையான உயிரும் அதற்குரிய முறையின் வழியே போகிறது என்கிறார் புலவர்.

இது உவமை என்று உங்களுக்கே தெரியும். “உவமை தெப்பம், உவமேயம் உயிர்” என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். நானும் பல வருடங்கள் அதோடு நின்றுவிட்டேன். இப்போது அந்தப் பையன் கதைக்கு வருகிறேன்.

கடைசி பெஞ்சுப் பையன்

அப்போது காவிரிக் கரையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. இலக்கிய மன்ற விழாவில் இந்தப் பாட்டைச் சொல்லிப் பொருளும் சொல்ல எட்டாம் வகுப்பில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாரும் நன்றாகப் படிக்கிறவர்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தானாக எழுந்து, “சார், நானும் வரட்டுங்களா?” என்றான். அவனுடைய அப்பா பரிசல் ஓட்டுபவர். ஆற்றில் தண்ணீர் அதிகமாக வரும் நாட்களில் உதவிக்குப் போய்விடுவான், பள்ளிக்கூடம் வர மாட்டான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

“உனக்கு இதெல்லாம் வராது. நீ நாற்காலி எடுத்துப் போடு, போ” என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் பேசாமல் நாற்காலி தூக்கப் போய்விட்டான்.

மாலையில் ஒத்திகை. நான் உரையைப் படிக்கப் படிக்க ஐந்து பேரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“சார், தெப்பம் தண்ணியில போகுது. சரி. ஆனா கடைசியில, பெரியவங்களைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், சிறியவங்களை இகழவும் மாட்டோம்னு வருதே. தெப்பத்துக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. “உரையில் அப்படித்தான் போட்டிருக்கிறது, எழுதிக்கொள்” என்றேன்.

அப்போது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த அந்தப் பையன், அதைக் கீழே வைக்காமலே சொன்னான்:

“சார், வெள்ளத்துல பரிசலை இழுத்துட்டுப் போறது தண்ணிதான் சார். நாம துடுப்புப் போட்டு, பாறையில மோதாம திருப்பத்தான் முடியும். தண்ணியை எதிர்த்துப் போக முடியாது. ஒருத்தன் நல்லபடியா கரை சேர்ந்தா அவனைப் பெரிய சூரன்னு சொல்லக் கூடாது, ஒருத்தன் கவுந்துட்டா அவனை மட்டமா பேசக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு. எல்லாரும் ஒரே தண்ணியிலதானே சார் போறோம்?”

என் கையில் இருந்த புத்தகம் அப்படியே நின்றுவிட்டது.

குழந்தைகளே, பாட்டில் தெப்பத்துக்கும் கடைசி இரண்டு வரிகளுக்கும் நடுவில் ‘ஆகையால்’ என்ற பொருளில் ஒரு சொல் வருகிறது. தெளிந்துகொண்டோம், ஆகையால் வியப்பதும் இல்லை, இகழ்வதும் இல்லை! அந்தச் சொல்லை நான் நூறு தடவை படித்திருப்பேன். ஆனால் ஒரு தடவைகூட அதன் மேல் நின்று பார்த்ததில்லை. ஆறு எல்லாரையும் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு தெப்பம் நல்ல கரையில் ஒதுங்குகிறது, ஒன்று பாறையில் முட்டுகிறது. ஒதுங்கியவர் எல்லாம் தன் திறமையால்தான் என்று மார்தட்ட முடியுமா? முட்டியவரைப் பார்த்து நாம் சிரிக்கலாமா? இதைத்தான் புலவர் சொல்கிறார். தெப்பம் அங்கே அழகுக்காக மிதக்கவில்லை. அதுதான் அந்தப் பாட்டுக்கே காரணம்!

கடைசி வரியில் இன்னொரு சின்னச் சொல் இருக்கிறது. ‘அதைவிடவும்’ என்று அதற்குப் பொருள். பெரியவரை வியப்பதும் எங்களிடம் இல்லை. சிறியவரை இகழ்வது அதைவிடவும் இல்லை! இரண்டும் கூடாது, ஆனால் இரண்டாவது இன்னும் அதிகமாகக் கூடாது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பாட்டின் இதயமே போய்விடும்.

சற்று முன்னால்தான் ஒரு பையனைப் பார்த்து, ‘உனக்கு இதெல்லாம் வராது’ என்று சொல்லியிருந்தேன். புத்தகம் என் கையில் இருந்தது. பாட்டு அவனிடம் இருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. எழுந்து போய் அந்த நாற்காலியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக மேடைக்குக் கொண்டு போனோம். விழாவில் ஐந்து பேர் பாட்டைச் சொன்னார்கள். பொருள் சொன்னவன் அவன்தான். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினான். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் அவன் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆறு அவர்களுக்கும் தெரிந்ததாயிற்றே!

ஐந்தாம் படி: ‘ஏன்’ என்று கேள்

அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் நீங்களும் ஒவ்வொரு பாட்டிலும் கேட்க வேண்டும். ‘இந்தப் படம் ஏன் இங்கே இருக்கிறது? வேறு ஒன்று இருந்தால் என்ன குறைந்துவிடும்?’ தெப்பத்துக்குப் பதில் பறவை என்று வைத்துப் பாருங்கள். பறவை நினைத்த பக்கம் பறக்குமே! பொருள் கெட்டுவிடும். ஓடும் ரயில் என்று வைத்தால்? தண்டவாளத்தில் ஆபத்தும் தெரியாது, இரைச்சலோடு வரும் வெள்ளமும் இருக்காது. தெப்பம்தான் சரி.

பதில் எப்போதும் உரைநூலில் இருக்காது. சில சமயம் அப்பாவின் தொழிலில் இருக்கும், அம்மாவின் அடுப்படியில் இருக்கும், தாத்தாவின் வயலில் இருக்கும். நெல்லைப் பற்றிய பாட்டை விவசாயி வீட்டுக் குழந்தையும், தறியைப் பற்றிய பாட்டை நெசவாளர் வீட்டுக் குழந்தையும் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். அதனால் ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று யாரும் நினைக்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று, ஏதோ ஒரு பாட்டின் பூட்டைத் திறக்கும் சாவியாக இருக்கும்.

எல்லாம் ஒரே நாளில் புரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இதே பாட்டின் இரண்டாவது வரி, நன்மையும் தீமையும் பிறர் தந்து வருபவை அல்ல என்கிறது. அப்படியானால் நாம் செய்வதற்கும் பலன் உண்டு என்றுதானே ஆகிறது? பிறகு தெப்பம் நீரின் வழியே போகிறது என்பது எப்படி? இரண்டும் எப்படிச் சேரும்? படித்த பெரியவர்களே இதற்குப் பல விதமாகப் பதில் சொல்கிறார்கள். ‘துடுப்பு நம் கையில், ஆறு நம் கையில் இல்லை’ என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். ஆனால் பாட்டில் உள்ள சொல்லைக் காட்டித்தான் நினைக்க வேண்டும். அதுதான் விதி.

நீங்களே செய்து பாருங்கள்!

இந்த வாரம் உங்கள் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் போட்டிருக்கும் பகுதியை ஒரு தாளால் மூடிவிடுங்கள். பிறகு,

1. மூன்று முறை சத்தமாகப் படியுங்கள்.
2. சொற்களைப் பிரித்து எழுதுங்கள். தெரியாத சொல்லுக்கு அகராதி பாருங்கள்.
3. பேசுவது யார், யாரிடம் பேசுகிறார் என்று ஒரு வரியில் எழுதுங்கள்.
4. அதில் வரும் காட்சியை வரையுங்கள்.
5. ‘ஏன் இந்தக் காட்சி?’ என்று கேட்டு, உங்கள் பதிலை எழுதுங்கள்.

இப்போது தாளை எடுத்துவிட்டுப் பொருளைப் படியுங்கள். உங்கள் பதிலும் அதுவும் ஒன்றாக இருந்தால் சபாஷ்! வேறாக இருந்தால் இன்னும் ஒரு முறை பாட்டைப் படித்துப் பாருங்கள். தவறியது எங்கே என்று பாட்டே சொல்லும்.

அப்படியே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்கள் நண்பனிடமும், “உனக்கு என்னடா தோணுது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாவி அவனிடம் இருந்தாலும் இருக்கும்!